மலையேறி வாங்கிய கைநாட்டும் எண் இல்லாத கடிதமும்

போன வாரம் மின்னஞ்சல் வந்தது, என் தீசிஸிலிருந்து எழுதிய கட்டுரையை ஒரு ஆய்விதழில் ஏற்றுக்கொண்டார்கள். முதல்முறை அனுப்பி ஒரு வருடம் நாலு மாதம் ஆகிறது. எம்.எஸ்சி. நர்சிங் முடித்து, தீசிஸை பீரோவில் பூட்டி வைத்திருக்கும் தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன்.

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுத்தார்களா, இல்லையென்றால் தடுத்தது என்ன என்று ஏற்காட்டு மலைக்கிராமங்களில் 60 தாய்மார்களிடம் கேட்டதுதான் என் ஆய்வு. அப்போது காப்பிப் பழம் பறிக்கும் காலம். ஆய்வில் பங்கேற்க ஒப்புதல் படிவத்தில் கைநாட்டு வைக்கச் சொன்னதும் ஒரு அக்கா, "விரலெல்லாம் பிசுபிசுன்னு இருக்கு கண்ணு" என்று வாசல் குடத்தில் கை கழுவி, சேலையில் துடைத்துவிட்டு வந்து வைத்தார். இடுப்பில் பிள்ளையோடு முக்கால் மணி நேரம் நின்று பதில் சொன்னவர்கள் அவர்கள். அது பீரோவிலேயே கிடக்கக் கூடாது என்றுதான் இவ்வளவு அலைந்தேன்.

எழுதி முடித்த சமயத்திலேயே ஒரு மின்னஞ்சல்: மூன்று நாளில் வெளியிடுகிறோம், பணம் கட்டுங்கள், யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அங்கீகாரம் உண்டு. ஆனால் யூஜிசி, தான் ஏற்கும் இதழ்களின் பட்டியலான கேர் பட்டியலையே 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது. கூடப் படித்த தோழி இப்படி ஒன்றில் பணம் கட்டிவிட்டாள். பிறகு நல்ல இதழ் ஒன்றுக்கு அனுப்பினால், ஏற்கெனவே வெளிவந்தது என்று திருப்பி விட்டார்கள். இரண்டு வருட உழைப்பு அதோடு போனது. பணம் கட்டும் முன் அந்த இதழ் டிஓஏஜே என்ற, இலவசமாகப் படிக்கக்கூடிய இதழ்களைத் தரம் பார்த்துச் சேர்க்கும் இணையப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆசிரியர் குழுவில் இருப்பவர்கள் நிஜமாகவே அந்தக் கல்லூரிகளில் வேலை செய்கிறார்களா என்றும் தேடிப் பாருங்கள்.

நான் தேர்ந்தெடுத்த இதழ் நல்ல இதழ். அதனாலேயே, ஆய்வு தொடங்கும் முன் அனுமதி தரும் கல்லூரி நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் எண், தேதி இரண்டையும் கேட்டார்கள். என் தீசிஸ் பின்னிணைப்பில் இருந்த கடிதத்தில் கையெழுத்து, முத்திரை எல்லாம் இருந்தது, எண் மட்டும் இல்லை. மூன்று வருடம் அதை யாருமே பார்க்கவில்லை, நான் உட்பட.

லீவு போட்டுவிட்டு, படித்த கல்லூரிக்குப் போனேன். "செக்ரட்டரி சார் மாறிட்டாருங்க மேடம், பழைய ரிஜிஸ்டர் எங்க இருக்குன்னு தெரியலைங்க" என்று கிளார்க் தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னார். மதியம் வரை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினேன். அடுத்த முறை கடிதம் கிடைத்தது. பஸ்ஸில் ஏறிய பிறகுதான் பிரித்துப் பார்த்தேன். எண் இருக்கிறது, ஆனால் தேதி அன்றைய தேதி! அதை அப்படியே அனுப்பியிருந்தால், தகவல் சேகரித்து மூன்று வருடம் கழித்து ஒப்புதல் வாங்கியதாக ஆகியிருக்கும். அழுகையே வந்துவிட்டது. மூன்றாம் முறை போய், பழைய கூட்டத்தின் மினிட்ஸ் புத்தகத்தைத் தேடி எடுக்க வைத்து, "இந்தத் தேதியில் நடந்த கூட்டத்தில் ஒப்புதல் அளிக்கப்பட்டது" என்ற வரியைச் சேர்த்து வாங்கினேன். கடிதம் கையில் வந்த அன்றே எண், தேதி, குழுவின் பதிவு எண் மூன்றையும் அங்கேயே நின்று சரிபாருங்கள்.

இதழ் கேட்ட திருத்தங்களில் மொழி, அட்டவணை எல்லாம் ஒரு வாரத்தில் முடிந்தது. ஒரு கேள்விதான் வயிற்றைக் கலக்கியது: எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் எப்படி ஒப்புதல் வாங்கினீர்கள்? ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 நெறிமுறைகள்படி, ஆய்வில் சம்பந்தப்படாத, படிக்கத் தெரிந்த ஒருவர் சாட்சியாக இருக்க வேண்டும். எங்கள் கைடு மேடம் அன்று இதைச் சொல்லிச் சொல்லி அனுப்பினார். மகளிர் குழு அக்கா ஒருவர் என்னோடு வீடு வீடாக வந்து, ஒவ்வொரு கைநாட்டுக்குப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டிருந்தார். படிவங்கள் வைத்திருந்த மஞ்சள் பையை எடுத்து ஒவ்வொன்றாக எண்ணினேன். சில படிவங்களில் பனி ஈரம் பட்டு மை பரவியிருந்தது, ஆனாலும் கைநாட்டு வைத்த அத்தனை பேர் படிவத்திலும் சாட்சிக் கையெழுத்து இருந்தது. அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

அப்புறம் ஒன்று. காப்புரிமைப் படிவத்தில் எல்லா ஆசிரியர்களும் கையெழுத்திட வேண்டும். கைடு மேடம் வேலை மாறி வெளிநாடு போய்விட்டதால் அந்த ஒரு கையெழுத்துக்கே மூன்று வாரம் ஆனது. கட்டுரை அனுப்பும் முன்பே அவரவர் மின்னஞ்சல், வாட்ஸ்அப் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.