போர்ன் விமானத்தளத்தில் 3,500 வீடுகள்: கவுன்சிலுக்கு எழுதிய அனுபவம்

கேம்பிரிட்ஜுக்கு மேற்கே ஏழு மைல் தள்ளி, ஏ428 சாலையை ஒட்டி இருப்பது போர்ன் விமானத்தளம். இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சு விமானங்கள் கிளம்பிய இடம். போருக்குப் பின் விமானப்படை கைவிட்டுப் போனது. அங்கே சுமார் 3,500 வீடுகளோடு ஒரு புது ஊர் கட்டும் திட்டம் வந்தபோது, அந்த இடத்தின் வரலாறு பற்றிக் கவுன்சிலுக்கு எழுதினேன். இங்கிலாந்தில் இருக்கும் நம்மவர்கள் பலர், விளக்குக் கம்பத்தில் ஒட்டியிருக்கும் திட்ட அறிவிப்பைப் பார்த்தும் "நமக்கு எதுக்கு இது" என்று கடந்துபோய்விடுகிறார்கள். எழுதலாம், எழுத வேண்டும், எழுதினால் படிக்கிறார்கள். எப்படி எழுதுவது என்று நான் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் குடியிருப்பது பக்கத்து ஊரான கேம்போர்னில். 1998 முதல் வயல்காட்டில் எழுந்த புது ஊர் அது. எனக்கு வீடு கிடைத்துவிட்டது, இனி யாருக்கும் கட்டக்கூடாது என்று சொல்ல எனக்கு மனம் வராது. கேம்பிரிட்ஜில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு அந்த நகரத்தில் வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. வீடு வேண்டும். அந்த மண்ணில் நடந்தது என்ன என்று புதிதாக வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதும் எனக்கு அதே அளவு முக்கியம்.

நான் பினாங்கில் பிறந்தவள். இந்த விமானத்தளத்தோடு எனக்கு ஒட்டுதல் வந்ததற்கு அதுதான் காரணம். 1943 ஏப்ரல் முதல் ஒரு வருடம் இங்கிருந்து பறந்தது 97ஆவது ஸ்குவாட்ரன் என்ற விமானப்படைப் பிரிவு. அதன் முழுப்பெயர் '97 (ஸ்ட்ரெயிட்ஸ் செட்டில்மெண்ட்ஸ்) ஸ்குவாட்ரன்'. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் சேர்ந்த அன்றைய பிரிட்டிஷ் ஆட்சிப்பகுதிதான் ஸ்ட்ரெயிட்ஸ் செட்டில்மெண்ட்ஸ். அங்கிருந்து போருக்கு நிதி கொடுத்ததை நினைவுகூர இந்தப் பெயரை வைத்தார்கள். ரப்பரும் வெள்ளீயமும் விற்ற காசு அது. அந்த ரப்பர் பாலை எடுத்தவர்களில் பெரும்பகுதி நம் ஆட்கள். அப்படி நிதி கொடுத்த பினாங்கின் மேல் 1941 டிசம்பரில் ஜப்பானியர் குண்டு போட்டபோது, தடுக்கப் போதுமான விமானங்கள் அங்கே இல்லை. இதைச் சின்ன வயதிலேயே வீட்டில் கேட்டு வளர்ந்தவளுக்கு, கேம்பிரிட்ஜ்ஷயர் வயல் நடுவில் அந்தப் பெயரைப் பார்த்தால் எப்படி இருக்கும்!

போர்ன் 1941இல் திறந்தது. முதலில் பக்கத்திலிருந்த ஓக்கிங்டன் தளத்துக்குத் துணைத்தளம். 15ஆவது ஸ்குவாட்ரனின் ஸ்டிர்லிங் விமானங்கள் இங்கே இருந்தன. அதன்பின் 97இன் லங்காஸ்டர் விமானங்கள், 1944 முதல் 105ஆவது ஸ்குவாட்ரனின் மொஸ்கிட்டோ விமானங்கள். 97உம் 105உம் 'பாத்ஃபைண்டர்' படையைச் சேர்ந்தவை. பெரும்படைக்கு முன்னால் பறந்து, குண்டு போட வேண்டிய இடத்தை வண்ண ஒளிக்குண்டால் அடையாளம் காட்டுவது அவர்கள் வேலை.

1943 டிசம்பர் 16 இரவு பெர்லினைத் தாக்கப் போன லங்காஸ்டர்கள் திரும்பி வந்தபோது கிழக்கு இங்கிலாந்து முழுக்கக் கடும் மூடுபனி. எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது, ஓடுபாதை தெரியவில்லை. தாயகத்துக்கு வந்துசேர்ந்த பிறகு மட்டும் 29 லங்காஸ்டர்கள் விழுந்து நொறுங்கின, அல்லது வீரர்கள் பாராசூட்டில் குதித்ததால் கைவிடப்பட்டன. அதில் ஏழு 97ஆவது ஸ்குவாட்ரனுடையவை. இங்கே அதைக் 'கறுப்பு வியாழன்' என்கிறார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் இருபது, இருபத்திரண்டு வயதுப் பையன்கள். ஜெர்மனி நகரங்களில் அந்தக் குண்டுகளுக்குப் பலியான மக்களையும் நான் மறக்கவில்லை. ஓர் இடத்தின் வரலாறு என்றால் இரண்டும் சேர்ந்ததுதான்.

சரி, நடைமுறைக்கு வருகிறேன்.

இங்கிலாந்தில் இவ்வளவு பெரிய திட்டம் ஒரே நாளில் முடிவாவதில்லை. முதலில் மாவட்டக் கவுன்சிலின் உள்ளூர்த் திட்டத்தில் அந்த நிலம் வீட்டுக்கென்று ஒதுக்கப்படும். சவுத் கேம்பிரிட்ஜ்ஷயர் கவுன்சிலின் உள்ளூர்த் திட்டம் 2018 செப்டம்பரில் ஏற்கப்பட்டது, போர்ன் அதில் இருந்தது. அதன்பிறகு வருவது 'அவுட்லைன்' விண்ணப்பம். இங்கே வீடு கட்டலாமா, எத்தனை, சாலை எங்கே என்பது வரைக்கும்தான் அது. கட்டடத்தின் உருவம், தெருக்களின் அமைப்பு, பூங்காக்கள் எல்லாம் பிறகு பகுதி பகுதியாகத் தனி விண்ணப்பங்களாக வரும். இந்த வரிசை தெரிந்தால்தான் எந்தக் கட்டத்தில் எதைக் கேட்பது என்று புரியும். உள்ளூர்த் திட்டத்தில் நிலத்தை ஒதுக்கிய பிறகு "இங்கே வீடே வேண்டாம்" என்று எழுதினால், அதிகாரி அதை மரியாதையாகப் பதிவு செய்துவிட்டு அடுத்த கடிதத்துக்குப் போய்விடுவார்.

ஆதரவு, எதிர்ப்பு, நடுநிலை என்று மூன்று வகையில் கருத்து சொல்லலாம். நான் நடுநிலையைத் தேர்ந்தெடுத்தேன். அக்கம்பக்கத்தில் சிலருக்கு என்மேல் வருத்தம். "வரலாறுன்னு சொல்லித்தான் இதை நிறுத்த முடியும், நீயே விட்டுக்கொடுத்தா எப்படி?" என்று ஒரு அண்ணன் நேரிலேயே கேட்டார். எனக்கு அதில் உடன்பாடில்லை. போக்குவரத்து நெரிசலுக்குப் பயந்து வரலாற்றைக் கேடயமாகப் பிடித்தால், அது படிக்கிறவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். அப்புறம் உண்மையாகவே காப்பாற்ற வேண்டியதைச் சொல்லும்போதும் காது கொடுக்க மாட்டார்கள். நெரிசல் பிரச்சினை என்றால் நெரிசல் என்றே எழுத வேண்டும், அதுவும் செல்லுபடியாகும் காரணம்தான். வீட்டு விலை குறையும், ஜன்னலிலிருந்து தெரியும் காட்சி போய்விடும் என்பவை கணக்கில் வராது.

விண்ணப்பத்தோடு மலைபோல் ஆவணங்கள் வரும். எல்லாவற்றையும் படிக்க முயலாதீர்கள். சுற்றுச்சூழல் அறிக்கையில் பண்பாட்டு மரபு என்று ஒரு அத்தியாயம் இருக்கும், அதோடு தொல்லியல் மதிப்பீடும் இருக்கும். அந்த இரண்டையும் வரி வரியாகப் படித்தேன். பொதுவாக இத்தகைய அறிக்கைகளில் ரோமானியர் காலம், இடைக்காலம் பற்றி நிறைய இருக்கும். இருபதாம் நூற்றாண்டு கான்கிரீட்டைத் தொல்லியலாகப் பார்க்கும் கண் இன்னும் பலருக்குப் பழகவில்லை. நம்மைப் போன்றவர்கள் ஏதாவது சேர்த்துக் கொடுக்க முடிவது அங்கேதான்.

போர்க்கால விமானத்தளக் கட்டடங்கள் பெரும்பாலும் அவசரத்துக்குக் கட்டியவை. ஒற்றைச் செங்கல் சுவர், அஸ்பெஸ்டாஸ் கூரை. பத்து வருடம் நின்றால் போதும் என்று கட்டியதால், அரசின் பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் அவை இடம்பிடிப்பது அரிது. போர்ன் கிராமத்துக்குப் பக்கத்தில் 1636லேயே ஆவணத்தில் வரும் மரக் காற்றாலை ஒன்று இருக்கிறது. அதற்கு முதல்தரப் பாதுகாப்பு. விமானத்தளத்துக்கு அப்படிக் கிடைக்காது. ஆனால் பட்டியலில் இல்லாத மரபுச் சொத்துக்கும் தேசியத் திட்டக் கொள்கையில் இடம் உண்டு. 2018 பதிப்பில் அது 197ஆவது பத்தி: அத்தகைய சொத்துக்கு என்ன பாதிப்பு, அதன் முக்கியத்துவம் எவ்வளவு என்று சீர்தூக்கிப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். 199ஆவது பத்தி இன்னும் நல்லது. அழியப்போவதை முன்கூட்டியே பதிவு செய்ய வைக்கச் சொல்கிறது. அதே மூச்சில், பதிவு செய்ய முடிகிறது என்பதையே அழிப்பதற்குக் காரணமாகக் காட்டக்கூடாது என்றும் சொல்கிறது. கொள்கை திருத்தப்படும்போது பத்தி எண்கள் மாறும். எழுதும்போது நடப்பிலிருக்கும் பதிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஆதாரம் தேடியது. லண்டன் கியூவில் இருக்கும் தேசிய ஆவணக்காப்பகத்தில் ஸ்குவாட்ரன்களின் நாட்குறிப்புகள் 'ஏர் 27' என்ற வரிசையில் இருக்கின்றன, கட்டணம் கட்டி வீட்டிலிருந்தே இறக்கிக்கொள்ளலாம். தளத்தின் குறிப்புகள் 'ஏர் 28' வரிசை. அதை நேரில் போய்ப் பார்த்தேன். வாசகர் அட்டை இலவசம். பேனா கூடாது, பென்சில்தான். படம் எடுத்துக்கொள்ள விடுகிறார்கள். தட்டச்சில் அடித்த பக்கங்களில் விமானத்தின் அடையாள எழுத்து, குழுவினர் பெயர், கிளம்பிய நேரம் இருக்கும். திரும்பிய நேரம் சில வரிகளில் காலியாக இருக்கும். அதைப் பார்த்தபின் வெளியே போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் திரும்பி வந்தேன்.

1940களில் விமானப்படை மேலிருந்து எடுத்த படங்கள் ஸ்விண்டனில் இருக்கும் ஹிஸ்டாரிக் இங்கிலாந்து காப்பகத்தில் கிடைக்கும். அந்தப் படத்தையும் இன்றைய செயற்கைக்கோள் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்றை ஒன்று வெட்டும் மூன்று ஓடுபாதைகள், அவற்றைச் சுற்றி வளைந்து ஓடும் பாதை, விமானங்களைச் சிதறலாக நிறுத்தி வைக்கும் வட்டமேடைகள். இந்த அமைப்பின் பெரும்பகுதி அறுபது, எழுபது வருடம் கழித்தும் தரையில் தெரிந்தது. இங்கே காப்பாற்ற வேண்டியது கட்டடத்தைவிட அந்தத் தரைக்கோலம்தான் என்று எனக்கு அப்போது தெளிவானது. நிலம் தனியாருடையது என்பதால் உள்ளே போகவில்லை, பொதுப் பாதையிலிருந்து பார்த்ததோடு சரி. நீங்களும் வேலி தாண்டாதீர்கள். அது சட்டப்படி தவறு, பழைய கான்கிரீட்டுக்குள் குழிகளும் உண்டு.

கடிதம் இரண்டு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது என்று வைத்துக்கொண்டேன். முதல் பத்தியில் இடத்தின் முக்கியத்துவம், ஆதாரத்தோடு. மீதி முழுக்கக் கோரிக்கைகள். ஓடுபாதைகளில் ஒன்றின் கோடாவது திறந்தவெளியாகவோ நடைபாதையாகவோ புது ஊருக்குள் நேராகத் தெரிய வேண்டும். கான்கிரீட்டை உடைத்துச் சல்லியாக்குவதற்கு முன் முழுத் தளத்தையும் அளந்து, படம் எடுத்து, கேம்பிரிட்ஜ்ஷயர் வரலாற்றுச் சூழல் பதிவேட்டில் சேர்க்க வேண்டும். தோண்டும்போது விமானப் பாகம் கிடைத்தால் வேலையை நிறுத்த வேண்டும், ஏனென்றால் 1986ஆம் ஆண்டு ராணுவ எச்சங்கள் பாதுகாப்புச் சட்டப்படி விழுந்த ராணுவ விமானத்தைப் பாதுகாப்பு அமைச்சகத்தின் உரிமம் இல்லாமல் தோண்ட முடியாது. தெருப்பெயர்களில் வெறும் விமானப் பெயர்களோடு நிற்காமல் இங்கிருந்து போய்த் திரும்பாதவர்களும் வர வேண்டும். ஸ்ட்ரெயிட்ஸ் செட்டில்மெண்ட்ஸ் என்ற பெயர் எங்காவது ஒரு பலகையிலாவது இருக்க வேண்டும் என்றும் கேட்டேன். இந்தக் கடைசி வரியை எடுத்துவிடச் சொன்னவர்கள் உண்டு. எடுக்கவில்லை.

ஒரே கடிதத்தை நூறு பேர் கையெழுத்திட்டு அனுப்புவதைவிட, பத்துப் பேர் தனித்தனியாக வேறு வேறு விஷயத்தை எழுதுவது மேல். அதிகாரிகள் எண்ணுவது கருத்துகளை, தலைகளை அல்ல. ஊர்மன்றத்துக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். திட்டக்குழுக் கூட்டத்தில் அவர்களுக்குப் பேச நேரம் ஒதுக்குவார்கள். எதிர்ப்பாளருக்கும் பொதுவாக மூன்று நிமிடம்தான், அதையும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும்.

விண்ணப்பம் 2021 தொடக்கத்தில், கொரோனா காலத்தில், குழுவின் முன் வந்து ஒப்புதல் பெற்றது. திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஏமாற்றம் இல்லை. என் கோரிக்கைகளில் முக்கியமானவை அவுட்லைன் கட்டத்தில் முடிகிறவையே அல்ல. ஓடுபாதையின் கோடு எந்தத் தெருவாகிறது, எந்தப் பூங்காவுக்குள் போகிறது என்பதெல்லாம் பகுதி விண்ணப்பங்களில்தான் தீர்மானமாகும். பலர் அவுட்லைன் அனுமதி வந்ததும் எல்லாம் முடிந்தது என்று ஒதுங்கிவிடுகிறார்கள். இதுதான் எனக்கு உண்மையான கவலை.

அதனால் கவுன்சிலின் திட்டப் பக்கத்தில் உங்கள் தபால் குறியீட்டைக் கொடுத்து மின்னஞ்சல் அறிவிப்புக்குப் பதிந்துவையுங்கள். புதிய விண்ணப்பம் பதிவானால் கருத்துச் சொல்ல வழக்கமாக மூன்று வாரம் கிடைக்கும், ஆவணம் படிக்கவே ஒரு வாரம் போய்விடும். பழைய கடிதத்தைக் கையில் வைத்திருங்கள். அந்தப் பகுதிக்குள் எந்த ஓடுபாதையின் எந்தத் துண்டு வருகிறது என்று பழைய படத்தோடு ஒப்பிட்டு, பொருந்தும் பத்தியை மட்டும் எடுத்து, புதிய விண்ணப்ப எண்ணைப் போட்டு மறுபடி அனுப்புங்கள்.

கேம்பிரிட்ஜ் பக்கம் இருக்கும் யாருக்காவது காப்பகத்துக்குப் போகத் துணை வேண்டுமென்றால் சொல்லுங்கள், நான் வருகிறேன்.