ஜூன் தண்ணீரும் அக்டோபர் ஈரப்பதமும்

மதுரைப் பக்கம் பெரியாறு பிரதான கால்வாயில் முதல் போகத்துக்கு ஜூன் மாதம் தண்ணீர் வர வேண்டும். பேரணை முதல் கள்ளந்திரி வரை 45,041 ஏக்கர் இருபோக நிலம் அதை நம்பி இருக்கிறது. இரண்டு வாரம் தள்ளினால் நாற்றங்கால் தள்ளும், நடவு தள்ளும், அறுவடை ஐப்பசி அடைமழைக்குள் போய் விழும். மழையில் அறுத்த நெல்லை அரசு கொள்முதல் நிலையத்தில் ஈரம் என்று சொல்லித் திருப்பி விடுவார்கள். ஜூனில் ஏற்பட்ட தாமதம் நீர்வளத் துறை விவகாரம். அக்டோபரில் திரும்பிய நெல் உணவுத் துறை விவகாரம். நடுவில் சாய்ந்த பயிர் வேளாண் துறைக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் உரியது. எந்த வயலில் யார் என்ன பயிர் வைத்தார் என்று எழுதும் அடங்கலோ வருவாய்த் துறையிடம். ஒவ்வொரு துறைக்கும் ஒரு கோப்பு இருக்கிறது, எல்லாம் ஒரே வயலைப் பற்றியது. அந்தக் கோப்புகளை வயலில் நின்று சேர்த்துப் பார்க்கிற ஆள் எந்த அலுவலகத்திலும் கிடையாது. எங்களைப் போன்ற விவசாயிகள் சங்கம் செய்ய வேண்டிய முதல் வேலை அதுதான் என்று உறுதியாக நம்புகிறோம். கொள்கையில் ஒரு வரி மாறுகிறது என்றால் பெரும்பாலும் அந்தச் சேர்த்துப் பார்ப்பதிலிருந்துதான் மாறுகிறது.

தண்ணீரையே எடுத்துக்கொள்வோம். பெரியாறு, வைகை இரண்டு அணையிலும் சேர்த்து 4,000 மில்லியன் கன அடி இருந்தால் முதல் போகத்துக்குத் திறக்கலாம் என்பது நடைமுறை. வினாடிக்கு 900 கன அடி வீதம் முதல் 45 நாள் தொடர்ச்சியாக, அடுத்த 75 நாள் முறை வைத்து, அதாவது சில நாள் விட்டு, சில நாள் நிறுத்தி என 120 நாளுக்கு உத்தரவு வரும். 900 கன அடி என்றால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 78 மில்லியன் கன அடி. 45 நாளில் 3,500 போய்விடும். இந்தக் கணக்கு கையில் இல்லாமல் “இன்னும் பத்து நாள் திறந்துவிடுங்கள்” என்று கேட்டால், “இருப்பு இல்லை” என்று பொறியாளர் ஒரே வரியில் முடித்துவிடுவார். அவர் சொல்வதும் தப்பில்லை. பத்து நாள் என்பது 780 மில்லியன் கன அடி. மதுரை நகரத்தின் குடிநீர், மேலூர், திருமங்கலம் பக்கத்து ஒருபோக நிலம் 1,05,002 ஏக்கர், சிவகங்கை, ராமநாதபுரம் பங்கு எல்லாம் அதே தண்ணீரில்தான் இருக்கின்றன. அதனால் பொத்தாம்பொதுவாகப் பத்து நாள் கேட்பதில்லை. கதிர் பால் பிடிக்கும் பருவத்தில் எந்தெந்த மடைக்கு, எத்தனை ஏக்கருக்கு, முறையில் எத்தனை நாள் வேண்டும் என்று எழுதுகிறோம். இப்படிக் கேட்டால் பதிலும் மடைவாரியாக வருகிறது.

கால்வாயின் கடைசியில் இருக்கும் கடைமடைக்குத் தண்ணீர் ஏறவில்லை என்ற புகார் எல்லா ஆண்டும் உண்டு. அதற்குக் காரணம் ஷட்டர் பழுதாக இருக்கலாம், வாய்க்காலில் மண் மேடிட்டிருக்கலாம், மேல்மடைக்காரர் முறை மாறித் திறந்திருக்கலாம், யாராவது கால்வாயில் மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டிருக்கலாம். முதல் இரண்டும் பராமரிப்பு நிதி சம்பந்தப்பட்டவை. மூன்றாவது, 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம் பேசித் தீர்க்க வேண்டியது. நான்காவதற்கு வருவாய்த் துறையும் காவல் துறையும் வர வேண்டும். எந்த மடையில், எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எவ்வளவு உயரம் தண்ணீர் நின்றது என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் ஊரில் ஒருவர் எழுதி வைத்தால் காரணம் ஒரு வாரத்தில் பிடிபட்டுவிடும். நோட்டு இல்லாத ஊரில் அதே சண்டை அடுத்த ஆண்டும் நடக்கும்.

மனு எழுதுவது தனி வேலை. மாதாந்திர குறைதீர் கூட்டத்தில் கலெக்டர் முன்னால் எல்லாத் துறை அதிகாரிகளும் உட்கார்ந்திருப்பார்கள். பேசக் கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம். பன்னிரண்டு கோரிக்கையை ஒரே தாளில் எழுதிக் கொடுத்தால், அது பன்னிரண்டு துறைக்கும் நகல் போய் எவரும் பொறுப்பேற்காத தாளாகிவிடும். ஒரு மனுவில் ஒரு கோரிக்கை, அதற்கு ஓர் அதிகாரி. கிராமம், சர்வே எண், பரப்பு, பொருந்தும் அரசாணை எண், என்ன செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள் செய்தால் பயன், இவ்வளவு இருந்தால் ஒரு பக்கம் போதும். மனு ரசீதைக் கேட்டு வாங்க வேண்டும். அடுத்த மாதக் கூட்டத்தில் புது மனுவை நீட்டுவதற்கு முன், போன மாத மனுவுக்கு எழுத்துப்பூர்வமான பதில் எங்கே என்று கேட்க வேண்டும். பதிலே வராவிட்டால் பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 30 நாள் கெடு தாண்டினால் மேல்முறையீடு. அறுவடைக்கு ஒரு மாதம் முன்னால் பதில் தேவை என்றால், விண்ணப்பம் ஆடி மாதமே போயிருக்க வேண்டும். பல சங்கங்கள் தோற்பது இந்த நாட்கணக்கில்தான்.

கொள்முதல் நிலையத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விவசாயி கையில் பணம் விழுவதும் நழுவுவதும் அங்கேதான். மத்திய அரசின் தர அளவுப்படி நெல்லில் 17 சதவீதம் ஈரம் இருக்கலாம். மழைக்கால நெல் சாதாரணமாக 20-ஐத் தாண்டும். 20 சதவீத நெல் 100 கிலோவைக் காயவைத்து 17-க்குக் கொண்டுவந்தால் 96.4 கிலோதான் மிஞ்சும். 2025-26 பருவத்தில் மத்திய அரசின் ஆதார விலை பொது ரகத்துக்கு 2,369 ரூபாய், மாநில அரசின் ஊக்கத்தொகை 131 ரூபாய், ஆக குவிண்டால் 2,500 ரூபாய். சன்ன ரகம் 2,545. அந்த விலையில் 3.6 கிலோ இழப்பு என்பது குவிண்டாலுக்கு 90 ரூபாய். காயவைக்கும் கூலியும், களத்தில் காத்துக்கிடக்கும் நாளும் தனி. ஆகவே ஈரப்பதத் தளர்வு கேட்பது சலுகை கேட்பதாகாது, ரூபாய்க் கணக்கில் நியாயம் கேட்பது.

ஆனால் அந்தத் தளர்வைக் கலெக்டர் தர முடியாது, முதலமைச்சரும் தர முடியாது. மாநில உணவுத் துறை எழுத வேண்டும், மத்தியக் குழு வந்து நெல் மாதிரி எடுக்க வேண்டும், ஆய்வகத்தில் பார்க்க வேண்டும், அதன் பிறகு டெல்லியிலிருந்து உத்தரவு வர வேண்டும். 2022-ல் தமிழ்நாடு 22 சதவீதம் கேட்டது, 19 வரைக்கும்தான் கிடைத்தது. உத்தரவு வருவதற்குள் பாதி நெல் வியாபாரி கைக்குப் போய்விடுகிறது. மழை பெய்த பிறகு எழுதாமல், தண்ணீர் திறப்பு தள்ளிய அன்றைக்கே எழுதுங்கள் என்பது எங்கள் கோரிக்கை. இந்தத் தேதியில் நடவு, 110 நாள் ரகம், ஆகவே அறுவடை இந்த வாரம், அந்த வாரம் வடகிழக்குப் பருவமழை உச்சம் என்று கணக்கைக் காட்டினால் அதிகாரிக்கும் மேலே எழுத ஒரு பிடி கிடைக்கிறது. கொள்முதல் பருவம் அக்டோபர் 1-க்குப் பதில் செப்டம்பர் 1-லேயே தொடங்குவது 2022 முதல் நடைமுறைக்கு வந்தது. அறுவடைக் காலத்தைக் காட்டிப் பல ஆண்டுகள் பேசியதற்கு அப்படியும் ஒரு பலன் உண்டு.

நிலையத்தின் கொள்ளளவையும் முன்கூட்டியே பேச வேண்டும். சிப்பம் என்கிற ஒரு நெல் மூட்டை 40 கிலோ. நாளொன்றுக்கு 1,000 சிப்பம் பிடிக்கும் நிலையம் 40 டன் வாங்குகிறது. ஏக்கருக்கு 60 சிப்பம் விளைந்தால் அது 16, 17 ஏக்கர் நெல். இரண்டு அறுவடை இயந்திரம் இறங்கினால் ஒரே நாளில் அதற்கு மேல் அறுத்துத் தள்ளிவிடும். மூன்றாம் நாள் களத்தில் இடம் இருக்காது, ஐந்தாம் நாள் சாக்கு இருக்காது, ஆறாம் நாள் மழை வரும். நெல் களத்தில் முளைவிடுவது இப்படித்தான். எந்த ஊரில் எத்தனை ஏக்கர், எந்த வாரம் அறுவடை என்ற பட்டியலைச் செப்டம்பர் முதல் வாரமே கொடுத்தால் நிலையம் எங்கே, எத்தனை என்பதை மாவட்ட அளவிலேயே முடிவு செய்துவிடலாம். எடையையும் கவனிக்க வேண்டும். 50 கிலோ பிடிக்கும் வெற்றுச் சணல் சாக்கின் எடை 580 கிராம். தராசில் 40 கிலோ 580 கிராம் வந்தால் சரி. அதற்கு மேல் கேட்டால் அது விவசாயியின் நெல். தராசுப் பலகைக்குப் பக்கத்தில் சங்கத்து ஆள் ஒருவர் சும்மா நின்றாலே அந்தக் கூடுதல் கிராம் பெரும்பாலும் குறைந்துவிடுகிறது.

பயிர்க் காப்பீட்டில் சங்கம் நிற்க வேண்டிய இடம், ஊரின் மகசூலைக் கணிக்க மாதிரியாக அறுத்து எடை போடும் பயிர் அறுவடைப் பரிசோதனை நடக்கும் வயல். நெல்லுக்கு அறுக்கும் மனை, அதாவது சதுரம், 5 மீட்டருக்கு 5 மீட்டர். எந்த வயல், வயலின் தென்மேற்கு மூலையிலிருந்து எத்தனை அடி எடுத்து வைத்து முளைக்குச்சி அடிப்பது என்பதெல்லாம் தற்செயல் எண்படி. அங்கே கிடைக்கும் எடையை 400-ஆல் பெருக்கினால் ஹெக்டேர் மகசூல். ஒரு கிலோ கூடிப்போனால் ஹெக்டேருக்கு 400 கிலோ கூடிவிடும், ஊர் முழுவதற்கும் இழப்பீடு குறையும். கயிறு தொய்வாகக் கட்டினால், வரப்போரம் செழித்து நிற்கும் பக்கம் மனை நகர்ந்தால், ஈர எடையை மட்டும் எழுதிக் காய்ந்த எடையை விட்டால் எல்லாம் கணக்கைக் கெடுக்கும். அதிகாரியோடு சண்டை போடத் தேவையில்லை. கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நிற்பதும், எழுதிய எடையைப் படம் எடுத்து வைப்பதும் போதும்.

இழப்பை ஒப்பிட்டுப் பார்க்கும் உத்தரவாத மகசூல் கடந்த ஏழு ஆண்டில் சிறந்த ஐந்தின் சராசரியிலிருந்து வருகிறது. அது 4,000 கிலோ என்று இருந்து, பரிசோதனையில் 3,200 வந்தால் 20 சதவீத இழப்பு, காப்பீட்டுத் தொகையில் 20 சதவீதம் இழப்பீடு. ஆனால் அந்த 3,200 எந்த எல்லைக்கான சராசரி என்பதில்தான் கொள்கை இருக்கிறது. வருவாய்க் கிராமம் காப்பீட்டு அலகாக அறிவிக்கப்பட்டிருந்தால் கடைமடை ஊரின் இழப்பு அந்த ஊர்க் கணக்கிலேயே தெரியும். பரப்பு குறைவென்று பல கிராமங்கள் அடங்கிய பிர்காவோடு சேர்த்துவிட்டால், மேல்மடை ஊரின் நல்ல விளைச்சலோடு கலந்து காணாமல் போகும். அலகை முடிவு செய்வது மாநில அளவிலான ஒருங்கிணைப்புக் குழு, அதுவும் பருவம் தொடங்கும் முன்பே. பயிர் சாய்ந்த பிறகு தாலுகா அலுவலகத்தை முற்றுகையிட்டு எந்தப் பயனும் இல்லை. சித்திரையில் அடங்கல் பரப்போடு ஒரு கடிதம் சென்னைக்குப் போயிருக்க வேண்டும்.

ஆதார விலையும் இதே மாதிரிதான். 1965-ல் தொடங்கிய விலை ஆணையம் பரிந்துரைக்க, மத்திய அமைச்சரவை முடிவு செய்கிறது. கையிலிருந்து செலவழித்ததோடு குடும்ப உழைப்பைச் சேர்த்து ஒரு செலவு, அதோடு சொந்த நிலத்தின் குத்தகை மதிப்பும் முதலீட்டு வட்டியும் சேர்த்து இன்னொரு செலவு. சுவாமிநாதன் குழுவின் பரிந்துரையாக விவசாயிகள் கேட்பது இரண்டாவதற்கு மேல் 50 சதவீதம். 2018 முதல் அரசு தருவது முதலாவதற்கு மேல் 50 சதவீதம். இந்த வேறுபாட்டைக் கிளைக் கூட்டத்தில் சுண்ணாம்புக்கட்டியால் எழுதிக் காட்டினால், பள்ளிக்கூடம் போகாத சம்சாரியும் ஐந்து நிமிடத்தில் பிடித்துக்கொள்கிறார். மாநில ஊக்கத்தொகையைப் பற்றிப் பேச வேண்டிய இடம் வேளாண் நிதிநிலை அறிக்கைக்கு முந்தைய கருத்துக் கேட்புக் கூட்டம். தனி வேளாண் அறிக்கை 2021-ல் வந்த பிறகு அதற்கென்று ஒரு வாசல் திறந்திருக்கிறது.

காகிதம் மட்டும் போதும் என்று சொல்லவில்லை. மின்கட்டணத்தை எதிர்த்து விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு தலைமையில் கோவையை மாட்டு வண்டிகளால் நிறைத்தது 1972. எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது 1990. இடையில் பதினெட்டு ஆண்டு. மேலூர் பக்கம் இன்னொரு போராட்டம் பதினோரு வாரத்தில் வென்றது. நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலத்தின் முடிவு 2024 நவம்பர் 7-ல் வெளியானது, 2,015 ஹெக்டேர். அந்த மாதமே கிராம சபைகள் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9-ல் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7-ல் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை வரை பல்லாயிரம் பேர் நடந்தார்கள். ஜனவரி 23-ல் ஏலம் ரத்தானது. கூட்டம் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. அதற்குள் இருந்த காகிதங்களையும் நாங்கள் மதிக்கிறோம்: அரிட்டாபட்டியை 2022-லேயே பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த ஆணையும், ஊர் ஊராகக் கையெழுத்திட்ட கிராம சபைத் தீர்மானங்களும் கையில் இருந்ததால்தான் சட்டமன்றத்தில் பேசியவர்களுக்கும் டெல்லிக்குப் போனவர்களுக்கும் பேச ஆதாரம் கிடைத்தது.

இன்னும் எங்களால் முடியாத ஒன்று குத்தகை விவசாயி விஷயம். வாய்மொழிக் குத்தகையில் உழுகிறவர் பெயர் அடங்கலில் இருக்காது. ஆதலால் கொள்முதல் நிலையத்தில் நெல்லை நிலக்காரர் பெயரில் போட வேண்டும், பணம் நிலக்காரர் கணக்கில் ஏறும், காப்பீடும் அப்படியே. பிரதமர் கிசான் உதவித்தொகை 6,000 ரூபாய் 2019-லிருந்து பட்டா வைத்திருப்பவருக்குத்தான். குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் 1969-லேயே வந்துவிட்டது, ஆனால் பதிவு செய்தால் நிலம் கைவிட்டுப் போகும் என்று நிலக்காரர் பயப்படுகிறார், கேட்டால் அடுத்த ஆண்டு நிலம் கிடைக்காது என்று குத்தகைதாரர் பயப்படுகிறார். நிலத்தின் மீது எந்த உரிமையும் தராத, அந்தப் போகத்துக்கு மட்டும் செல்லும் சாகுபடிச் சான்று ஒன்றைக் கிராம நிர்வாக அலுவலர் தரட்டும், கொள்முதலுக்கும் காப்பீட்டுக்கும் அது போதும் என்று ஆணை வரட்டும் என்பது கோரிக்கை. அதை வருவாய்த் துறைக்குக் கொண்டுபோகும் முன் சங்கத்தின் பொதுக்குழுவில் தீர்மானமாக நிறைவேற்ற வேண்டும். பொதுக்குழுவில் கை தூக்க வேண்டியவர்களில் பெரும்பாலானோர் நிலம் குத்தகைக்கு விட்டவர்கள். அவர்களோடு ஊர் ஊராக உட்கார்ந்து பேசும் வேலை இப்போதுதான் தொடங்கியிருக்கிறது.