வற்றத்தில் கடற்பஞ்சு தேடும்போது நிறத்தை நம்ப வேண்டாம்

பாறையில் ஒட்டி வாழும் எளிய விலங்கான கடற்பஞ்சைப் பார்த்ததும் நிறத்தை வைத்துப் பெயர் சொல்வதுதான் முதல் தவறு. இங்கிலாந்தின் டெவன் கரைப் பாறைகளில் தாராளமாகப் படர்ந்திருக்கும் ஹாலிகோண்ட்ரியா பனிசியா என்னும் பஞ்சு, வெளிச்சம் படும் இடத்தில் பச்சையாக இருக்கும். பாறைக்கு அடியில் அதே இனம் வெளிர் மஞ்சள். உடலுக்குள் வாழும் நுண்பாசிகள் தரும் பச்சை அது. இருட்டில் அவை தழைப்பதில்லை.

எந்த நாளில் போவது என்பதை நிலாதான் சொல்லும். அமாவாசை, பௌர்ணமி கழிந்த ஓரிரு நாளில் கடல் நன்றாக வற்றும். மார்ச், செப்டம்பர் வற்றங்கள் இன்னும் பெரியவை. சென்னையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே சுமார் 1 மீட்டர்தான். டெவனின் பிளிமத் பக்கம் இந்நாட்களில் 5 மீட்டரை நெருங்கும். அங்கே அந்த வற்றம் நண்பகலை ஒட்டி வருவது பெரிய வசதி. ஏற்ற-வற்ற அட்டவணையில் உள்ள வற்ற நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே இறங்குங்கள். நீர் திரும்பியதும் ஏறிவிடுங்கள்.

வெயில் காயும் பாறை முகத்தில் தேடிப் பயனில்லை. கூரைபோல் நீட்டிய பாறையின் அடிப்பக்கம், ஈரம் சொட்டும் இடுக்கு, பெரிய கல்லின் கீழ்ப்புறம், இங்கெல்லாம் குனிந்து டார்ச் அடித்துப் பாருங்கள். புரட்டிய கல்லை இருந்தபடியே திரும்ப வைக்க வேண்டும். இல்லையென்றால் அடியில் இருந்த உயிர்கள் வெயிலில் காய்ந்து சாகும். எலுமிச்சை மஞ்சளில் பருமனான, ஓடில்லாத கடல்நத்தை ஒன்று தென்பட்டால் அருகிலேயே ஹாலிகோண்ட்ரியா இருக்க வாய்ப்பு அதிகம். அந்த நத்தையின் தீனியே இந்தப் பஞ்சுதான்.

பஞ்சா, வேறு ஏதாவதா? கூட்டமாக ஒட்டி வாழும் கடல் விலங்குகளான வழவழப்பான கூட்டு அசிடியன்கள்தான் அதிகம் ஏமாற்றும். நீருக்குள் இருக்கும்போது மெல்லத் தொட்டால் அவற்றின் குட்டி வாய்கள் சட்டென்று மூடும். பஞ்சின் துளைகள் அப்படி மூடுவதில்லை. ஹாலிகோண்ட்ரியாவின் துளைகள் சின்ன எரிமலை வாய்கள்போல் எழும்பி நிற்கும். ஆரஞ்சு நிற ஹைமனியாசிடான் பெர்லெவிஸ் என்னும் இன்னொரு பஞ்சில் மேற்பரப்பு கரடுமுரடாக இருக்கும், துளைகள் எளிதில் தெரியாது. ஆனால் நிழலில் வளர்ந்த ஹாலிகோண்ட்ரியா இதைப்போலவே தோன்றும். அப்போது பஞ்சின் உடலைத் தாங்கும் நுண்முள்ளை நுண்ணோக்கியில் பார்ப்பதே வழி.

அரிசி மணி அளவு, மேற்தோலும் உள்பகுதியும் சேர்ந்து வரும்படி ஒரு துண்டு போதும். கண்ணாடிக் குப்பியில் போட்டு, மூழ்கும் அளவு வீட்டு பிளீச் ஊற்றுங்கள். சதை கரைந்து முட்கள் அடியில் தங்கும். ஒவ்வொரு முறையும் முழுக்கப் படியவிட்டு, மேல்நீரை மட்டும் வடித்து, நாலைந்து தடவை கழுவுங்கள். கழுவல் குறைந்தால் உப்புப் படிகங்கள் முள்போலவே தெரியும். அவசரப்பட்டு வடித்தால் சிறிய முட்கள் போய்விடும். 100 மடங்குப் பெருக்கத்தில் இரு முனையும் கூர்மையான முட்கள் மட்டும் என்றால் ஹாலிகோண்ட்ரியா. ஒரு முனை உருண்டு மறுமுனை கூரானவை மட்டும் என்றால் ஹைமனியாசிடான். வேறு வடிவத்தில் ஒன்றிரண்டு மட்டும் தென்பட்டால், அவை பக்கத்துப் பஞ்சிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்தவையாக இருக்கலாம்.

சிவப்புப் பாசியில் தொங்கும் தட்டையான சுருக்குப்பைபோன்ற கிராண்டியா என்னும் பஞ்சின் முட்கள் சுண்ணாம்பு. வினிகரில் குமிழிவிட்டுக் கரையும். இதற்குப் புதுத் துண்டையும் வேறு குப்பியையும் எடுங்கள். பிளீச்சுடன் வினிகர் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும்.