ஒரு ஏக்கர் போடறதுக்கு முன்னாடி பத்து போஸ்ட் நட்டுப் பாருங்க

டிராகன் ஃப்ரூட் போடலாம்னு இருக்கேன்ணா, ஒரு ஏக்கர், கல்லுத்தூண் சொட்டுநீர் நாத்து எல்லாம் சேத்து அஞ்சாறு லட்சம் ஆகும்ங்கறாங்க, நகைய வச்சு எடுத்துக்கலாம்னு வீட்லயும் ஒத்துக்கிட்டாங்க, நீங்க என்ன சொல்றீங்க? இந்த மாதிரி போன் இப்பல்லாம் அடிக்கடி வருது. பயிர் பேரு மட்டும் மாறும். காளான், நாட்டுக்கோழி, முருங்கை இலைப் பொடி, மரச்செக்கு எண்ணெய்னு ஏதாவது ஒண்ணு இருக்கும், யூடியூப்ல யாரோ ஒருத்தர் மாசம் லட்ச ரூபா வருதுன்னு சொல்லியிருப்பாரு. பேசற பசங்க பெரும்பாலும் நல்லா படிச்சவங்க, பெங்களூர்ல கோயம்புத்தூர்ல வேலை பாத்துட்டு ஊருக்கு வந்து ஏதாவது பண்ணணும்னு நெனைக்கறவங்க, அதனாலயே எனக்கு அவங்க மேல அக்கறை ஜாஸ்தி.

எல்லாத்துக்கும் நான் சொல்றது ஒண்ணுதான், சின்னதா செஞ்சு பாருங்க. ஆனா அதை மட்டும் சொல்லி போனை வச்சா பத்தாதுங்க. சின்னதா செஞ்சு பாத்தவங்களே கணக்கு தப்பாப் போட்டு பெருசா எறங்கினதை நான் நெறைய பாத்திருக்கேன். எதைப் பாக்கறதுக்காக சின்னதா செய்யறோம்ங்கறதுதான் விசயம். நம்மாளுங்க வளருதா வளரலையான்னு பாப்பாங்க. வளரும்ங்க, நம்ம மண்ணுல தண்ணி விட்டா முக்காவாசி எல்லாமே வளரும். பாக்க வேண்டியது விக்குதா, கூலி போக நிக்குதா, மோசமான மாசத்துலயும் நிக்குதான்னுதான்.

சிப்பிக்காளானையே எடுத்துக்கங்க. சின்னதா பண்ணிப் பாக்க இதை விட தோதான தொழில் இல்ல. வைக்கோலை ரெண்டு மூணு அங்குலத்துக்கு நறுக்கி, ஊற வச்சு, வேக வச்சு, கையில புழிஞ்சா தண்ணி சொட்டாத பதத்துக்கு உலர்த்தி, கவர்ல ஒரு அடுக்கு வைக்கோல் ஒரு அடுக்கு காளான் விதைன்னு மாத்தி மாத்திப் போட்டுக் கட்டித் தொங்க விட்டா, பதினஞ்சு இருபது நாள்ல பூசணம் வெள்ளையா முழுசும் படர்ந்துடும், அப்புறம் கவரைக் கிழிச்சு தண்ணி தெளிச்சா மொட்டு கெளம்பி நாலஞ்சு நாள்ல பறிக்கலாம். வீட்டுக்குப் பின்னாடி ஒரு கீத்துக்கொட்டாய், அடியில மணலு, சுத்தி ஈரச்சாக்கு, அவ்வளவுதான் முதலீடு.

இதை ஒருத்தர் ஐப்பசி கார்த்திகையில ஆரம்பிக்கறாருன்னு வைங்க. மழை, குளிர்ச்சி, காத்துல ஈரம், காளான் பொங்கிட்டு வரும். அக்கம்பக்கம், சொந்தக்காரங்க, கூட வேலை பாத்தவங்கன்னு எல்லாரும் வாங்குவாங்க, மாலை போட்ட சாமிங்க வீட்ல கறி மீன் எடுக்க மாட்டாங்கங்கறதால அங்கயும் போகும். ஆஹா நல்லா இருக்கேன்னு அவரு தை மாசம் பேங்க்ல லோன் போட்டு பெரிய ஷெட் கட்டுவாரு. பங்குனி வந்ததும் நம்ம பக்கம் வெயிலு நாப்பதத் தொடும். சிப்பிக்காளானுக்கு இருபத்தஞ்சு முப்பது டிகிரி வேணும், ஈரப்பதம் எம்பதுக்கு மேல நிக்கணும். கொட்டாய்க்குள்ள தண்ணி அடிச்சு அடிச்சு கரண்ட் பில்லும் ஏறும், காளானும் பாதி கூட வராது. அதனால காளான் டெஸ்ட் பண்றவங்க சித்திரை வைகாசியைத் தாண்டிப் பாக்காம அடுத்த ஷெட்டைப் பத்தி யோசிக்கவே கூடாது. நெஜமா சொன்னா ஆரம்பிக்கறதையே பங்குனியில ஆரம்பிக்கலாம், அந்த வெயில்ல அஞ்சு கிலோ எடுத்துக் காட்டிட்டா மத்த மாசத்தைப் பத்திக் கவலையே இல்ல.

அடுத்தது விக்கறது. சொந்தக்காரங்க வாங்கறது வியாபாரக் கணக்குல வரவே வராதுங்க, அது மொய் மாதிரி, ஒரு தடவை வைப்பாங்க. முகம் தெரியாத ஆளு காசு குடுத்து வாங்கி, அடுத்த வாரம் அவரே தேடி வந்து கேக்கறாரான்னுதான் பாக்கணும். அதுக்கு நமக்கு ஒரு அருமையான எடம் இருக்கு, உழவர் சந்தை. 1999ல மதுரையில ஆரம்பிச்சது இன்னைக்கு ஊரூருக்கு இருக்கு, விவசாயி அட்டை வாங்கிட்டா கடை வாடகை கெடையாது, தராசும் அங்கயே குடுப்பாங்க. நம்ம காட்டுல வெளைஞ்சத நம்மளே உக்காந்து வித்தா ஒரு மாசத்துல தெரிஞ்சிடும் ஜனங்க எந்த வெலைக்கு மூஞ்சிய சுளிக்கறாங்க, எந்த அளவு பாக்கெட்டை எடுக்கறாங்கன்னு. காளான் வெளிய வச்சா ஒரு நாளு, ஃப்ரிட்ஜ்ல வச்சா மூணு நாலு நாளு. மிஞ்சினதை என்ன பண்றோம்ங்கறதையும் இந்த சின்ன அளவுலயே பழகிக்கணும், அம்பது கிலோ மிஞ்சின அன்னைக்கு யோசிக்க முடியாது.

நாட்டுக்கோழியில வேற மாதிரி ஏமாறுவாங்க. இருவது கோழி வளக்கற வீட்ல தீவனச் செலவுன்னு ஒண்ணு தெரியவே தெரியாது. மிச்ச சோறு, அரிசி நொய், குப்பைமேட்டுல பொறுக்கற புழு பூச்சி, கரையான், களத்துல சிந்துன தானியம்னு அதுவா மேஞ்சுக்கும், அம்மாவோ அப்பத்தாவோ சாயங்காலம் பஞ்சாரத்துல கவுத்துடுவாங்க. கோழி வித்த காசு அப்படியே லாபமாத் தெரியும். இருவதுக்கே இவ்வளவுன்னா ஐநூறுக்கு எவ்வளவுன்னு பெருக்குவாங்க பாருங்க, அங்கதான் தப்பு. ஐநூறு கோழிக்கு குப்பைமேடு எங்க போறது? தீவனம் மூட்டை மூட்டையா வாங்கணும், பாக்கறதுக்கு ஒரு ஆளு முழுநேரம் வேணும், ராத்திரி நாய் கீரிக்கு வலை அடிக்கணும். வெள்ளைக்கழிச்சல் வந்தா வீட்டு முத்தத்துல நாலு கோழி போகும், பண்ணையில கூட்டமா அடைச்சு வச்சிருந்தா ஒரு வாரத்துல காலியாயிடும், தடுப்பூசி தேதி தவறவே கூடாது.

அதுக்குத்தான் நான் எல்லார்கிட்டயும் சொல்றேன், இருவது கோழி வச்சாலும் ஐநூறு கோழி வச்சிருக்கற மாதிரி கணக்கு எழுதுங்க. அம்மா பாக்கற வேலைக்கு ஒரு கூலி போடுங்க, சும்மா கெடைக்கற நொய்க்கும் கடை வெலையப் போடுங்க, உங்க பெட்ரோலப் போடுங்க. அப்படிப் போட்டும் கையில ஏதாவது நின்னா அது தொழிலு. நிக்கலைன்னா வீட்டுச் செலவுக்கு முட்டையும் கறியும் கெடைக்குது, அதுவும் நல்லதுதான், ஆனா லோன் போடற விசயம் இல்ல.

வேளாண் பல்கலைக்கழகமே இப்படித்தாங்க செய்யுது. ஒரு புது ரகத்தை ஆராய்ச்சி நிலையத்துல உருவாக்கினாலும் ஒடனே வெளிய விட மாட்டாங்க, பல ஊரு மண்ணுல, விவசாயிங்க வயல்லயே ஒரு துண்டு எடத்துல போட்டுப் பாத்து, பழைய ரகத்தோட ஒப்பிட்டுத்தான் விடுவாங்க. பெரியகுளத்துலருந்து 1989ல வந்த பிகேஎம் 1 முருங்கை இன்னைக்கு எங்க பக்கம் பூராவும் நிக்குதுன்னா அந்தப் பொறுமையும் ஒரு காரணம். கேவிகேன்னு வேளாண் அறிவியல் நிலையம் இருக்கே, நாட்டுலயே மொத கேவிகே 1974ல புதுச்சேரியில நம்ம கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் மூலமாத்தான் வந்தது, அவங்களும் விவசாயி வயல்ல சோதனைத் திடல் போடறாங்க. அத்தனை படிச்ச விஞ்ஞானிங்களே துண்டு எடத்துல போட்டுப் பாக்கறப்ப நம்ம எடுத்ததும் ஒரு ஏக்கர்ல எறங்கணும்னு என்ன இருக்கு.

சின்னதா செஞ்சு பாத்தாலும் தெரியாத ஒண்ணு இருக்கு, அது நாளைக்கு வெல. வெனிலா ஞாபகம் இருக்கா? 2000ல மடகாஸ்கர்ல புயல் அடிச்சு அங்க வெனிலா அழிஞ்சுது, ரெண்டு மூணு வருசத்துல உலகம் பூரா வெல எங்கயோ போச்சு, கேரளா கர்நாடகா பொள்ளாச்சின்னு நம்மாளுங்க கொடி கொடியா நட்டாங்க. அது பூக்கவே மூணு வருசம், ஒவ்வொரு பூவுக்கும் கையால மகரந்தம் சேர்க்கணும், காய் முத்த இன்னும் எட்டொம்பது மாசம். இங்க காய் வர்றதுக்குள்ள வெல தரையில கெடந்துது. இந்த மாதிரி வருசக்கணக்குல காத்திருக்கற பயிருல பத்து கொடி நட்டுப் பாத்தாலும் வெல தெரியாது, முழுசாப் போனாலும் குடும்பம் தாங்கற அளவுக்கு மேல பணத்தை எறக்காம இருக்கறதுதான் வழி.

ஈமு கோழியைப் பத்தி நான் நெறைய சொல்ல வேண்டியதில்ல, 2012ல பெருந்துறை பக்கம் நடந்தது எல்லாருக்கும் தெரியும். ஈமு வளத்தா மாசாமாசம் பணம் தர்றேன்னு ஒரு கம்பெனி சொல்லுச்சு, நம்பி ஜனங்க பணம் கட்டுனாங்க, கடைசியில அந்தப் பறவைங்களுக்குத் தீனி போடறதே அரசாங்கத்து வேலையாச்சு. அந்தக் கறிய நம்ம ஊர்ல காசு குடுத்துத் திங்கற ஆளு எத்தனை பேருன்னு ஒரு கறிக்கடையில போய் விசாரிச்சிருந்தா போதும். நம்மகிட்ட வாங்கறது அந்தக் கம்பெனி மட்டுந்தான்னா, அந்த கம்பெனி இல்லாட்டி யாருன்னு கேளுங்க.

சரி, டிராகன் ஃப்ரூட் தம்பிக்கு வருவோம். அவருக்கு நான் சொன்னது, வேலியோரமா பத்து போஸ்ட், அதான் செடி ஏறி நிக்கற கல்லுத்தூண், நடுங்க, போஸ்டுக்கு நாலு செடி, ரெண்டு மூணு ரகம் கலந்து வைங்க. சில ரகம் தன் மகரந்தத்துல காய்க்காது, வேற ரகம் பக்கத்துல இருக்கணும், அது ராத்திரி பூக்கற பூ வேற, நம்ம எடத்துல பூச்சி வந்து மகரந்தம் சேர்க்குதா இல்ல டார்ச் அடிச்சுட்டு நம்மதான் பிரஷ்ல தடவணுமான்னு பத்து போஸ்ட்லயே தெரிஞ்சிடும். சித்திரை வெயில்ல தண்டு மஞ்சளாகி வெந்து போகுதா, நெழல்வலை வேணுமா, ஐப்பசி மழையில வேர் அழுகுதா, அதுவும் தெரியும். முக்கியமா இது தண்டை வெட்டி நட்டா வர்ற செடி. ரெண்டு வருசம் கழிச்சு நல்லா காய்ச்ச செடியிலருந்து தண்டை வெட்டுனா நாத்துக்குக் காசு குடுக்காம மொள்ள மொள்ள ஒரு ஏக்கரே நட்டுடலாம், அதுவும் நம்ம வெயிலத் தாங்கி நின்ன செடியாவே இருக்கும். அதுக்குள்ள நம்ம டவுன்ல பழக்கடைக்காரர் எவ்வளவுக்கு எடுக்கறாரு, சீசன்ல எல்லார் பழமும் ஒண்ணா வர்றப்ப எவ்வளவுக்கு எறக்கறாருன்னும் பாத்துடலாம்.

ரெண்டு வருசம் காத்திருக்கணுமான்னு தம்பி கேட்டாரு. காத்திருக்க வேண்டாம்ங்க, மத்த எடத்துல எப்பவும் போல சோளமும் கடலையும் போடுங்க, நகை பீரோவுலயே இருக்கட்டும். கல்லுத்தூண் போடறவரு நம்பர் மட்டும் அனுப்பச் சொன்னாரு, பத்து தூணுக்கு வண்டி வாடகை கட்டுமான்னு கேட்டுச் சொல்றேன்னிருக்கேன்.