அப்பாயி ஆறு என்றால் ஆறுதான்

போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் யாரோடும் முகம்கொடுத்துப் பேசுவதில்லை. எல்லாம் மாமா செய்த வேலை.

மாமா எதையும் எடைக்கு வாங்குகிற ஆள். முந்தி வந்த பல் டொக்டர் கதிரையில்தான் இன்றைக்கும் அம்மா உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறது. இந்தத் தடவை கொழும்பில் மூடிப்போன ஏதோ விளையாட்டுக் கடையிலிருந்து ஒரு பின்போல் மெஷின்; காசு போட்டு, சரிவான கண்ணாடிப் பெட்டிக்குள் பந்தைத் தட்டி விளையாடுகிற சாமான். மரக்கறி இறக்கிவிட்டு வெறுமனே திரும்புகிற லொறியில் ஏற்றி ஹட்டனுக்கு அனுப்பிவிட்டு, "ஒனக்குத்தான் ஈயம் வைக்கத் தெரியுமே மருமகனே" என்று போனில் ஒரு வார்த்தை. நூறு கிலோவுக்குக் குறையாத சாமான். நாலு பேர் படியில் ஏற்றினோம். இரண்டு பேருக்கு இன்னும் இடுப்பு நிமிரவில்லை.

1977ல் சிகாகோவில் செய்தது. நாட்டில் இறக்குமதியைத் திறந்துவிட்ட அதே வருடம். இதை அப்பாயியிடம் சொல்லியிருக்கக் கூடாது. அதற்கு முந்தைய பாண் கியூ கதையில் ஆரம்பித்து, மரவள்ளிக்கிழங்கு வழியாக, தாத்தா தொலைத்த கூப்பன் புத்தகத்தில் வந்து முடிவதற்குள் இரண்டு தேத்தண்ணி ஆறிப்போனது.

இந்த மெஷின் மூன்றரை டிகிரி சரிவில் நிற்க வேண்டுமாம். எங்கள் வீட்டில் சரிவுக்கா பஞ்சம்? ஒரு எலுமிச்சம்பழம் கைதவறினால் டிக்கோயாவில் போய்த்தான் பொறுக்க வேண்டும். முன் காலுக்குச் செங்கல் கொடுத்து, கூடக் கிடந்த சரிவைக் குறைத்தேன். உலகத்தில் வேறு யாரும் அப்படிச் செய்திருக்க மாட்டார்கள்.

திறந்து பார்த்தால், போர்டில் இருந்த பற்றரி ஒழுகி, கருவாட்டில் உப்புப் பூத்த மாதிரி பச்சையும் வெள்ளையுமாகப் படர்ந்திருந்தது. அச்சாறுக்கு வைத்திருந்த வினாகிரி முழுவதும் அதைக் கழுவவே சரி. பிறகு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்கு ஒரு நடை. பற்றரி, பீர் டின் அளவு கெப்பாசிட்டர், டிரான்சிஸ்டர்கள், பந்தைத் தட்டுகிற கொயில்களுக்கு டயோட்கள். எல்லாம் மாற்றி சுவிட்சைப் போட்டேன்.

போர்டில் ஒரு சின்ன சிவப்பு லைட் இருக்கிறது. மெஷின் தன்னைத்தானே சோதித்துக்கொண்டு, ஒவ்வொரு பகுதியும் சரியென்றால் ஒரு தடவை மின்னும். ஏழு மின்னினால் விளையாடலாம்.

"ஏழு!" என்றேன் நான்.

"ஆறு" என்றது அப்பாயி, வெற்றிலையைக் கிழித்துக்கொண்டே.

திரும்பப் போட்டேன். எனக்கு ஏழு. அப்பாயிக்கு ஆறு. "மொதல்ல லேசா ஒன்னு சிமிட்டுதே, அது கணக்குல சேராதுடா. அது கண்ணக் கசக்குது. அதுக்குப் பொறவுதான் எண்ணணும்."

நாற்பது வருடம் கொழுந்து பறித்த மனுஷி. கூடைத் தலைக்கயிற்றின் இழுப்பிலேயே பத்தொன்பது கிலோ என்று தெரியும். தராசடியில் தண்ணி, சாக்கு என்று கழித்துப் பதினேழு போடுவார்கள். அந்தக் கோபத்தை எண்ணி எண்ணியே பழகிய கண். ஆனால் சோல்டரிங் கம்பி என் கையில் அல்லவா இருக்கிறது. போர்டு நலம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, இரண்டு நாள் ஸ்டார்ட் பட்டனையும் காசுக் கதவையும் பிரித்து மேய்ந்தேன். மெஷின் உம்மென்று நின்றது.

இதற்குள் அம்மா, வீட்டில் சூதுப் பெட்டி வைக்கக் கூடாது என்று தொடங்கிவிட்டது. அம்மாவைச் சமாதானப்படுத்தலாமென்று, நியூயோர்க்கிலேயே 1942ல் பின்போலைச் சூதாட்டம் என்று தடை போட்டு மேயரே சம்மட்டியால் உடைத்ததையும், 1976ல் ஒருவர் நகரசபைக்காரர்கள் முன்னால் பந்து எங்கே போகும் என்று சொல்லி அடித்துக் காட்டி, இது கைத்திறமைதான் என்று நிரூபித்துத் தடையை நீக்க வைத்ததையும் விளக்கினேன். அம்மா கடைசிப் பாதியைக் கேட்கவேயில்லை. "பாத்தியா, மேயரே ஒடைச்சிருக்காரு."

மூன்றாம் நாள்தான் மெனுவலின் போட்டோகொப்பியை ஒழுங்காகப் படித்தேன். ஆரம்பச் சிமிட்டல் கணக்கில் சேராது என்று எழுதியிருந்தது. ஆக, ஆறு. ஏழாவது மின்ன வேண்டுமென்றால் கொயில்களுக்குப் போகிற 43 வோல்ட் வந்திருக்க வேண்டும். மீட்டரை வைத்தால் பூச்சியம். டோர்ச் அடித்துப் பார்த்தால் பியூஸ் இருக்க வேண்டிய இடம் பல் விழுந்த ஈறு மாதிரி காலி. சோதிக்கும்போது கொயில்கள் எரியக் கூடாதென்று முதல் நாள் நானே கழற்றியது. அமெரிக்க நீளத்துப் பியூஸ். ஹட்டனில் கேட்டால் குட்டையைத்தான் எடுத்துத் தருகிறார்கள்.

கட்டிலுக்கடியில், சட்டைப் பையில், கோழிக்கூட்டில்கூடத் தேடியாயிற்று. அப்பாயி சுண்ணாம்புக்காக டப்பாவைத் திறந்தது. பாக்குக்கும் புகையிலைக்கும் நடுவில் மினுங்கிக்கொண்டு படுத்திருந்தது என் பியூஸ்.

"இதுவா? மருந்துப் போத்தல்னு நெனச்சேன். வாசல்ல கெடந்துச்சு."

மூன்று நாளாக ஏழாவது மின்னலை மடியில் கட்டிக்கொண்டு, ஆறு ஆறு என்று எனக்கு எண்ணிக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது!

பியூஸைத் துடைத்துப் போட்டேன். ஏழு. வீடே கைதட்டியது. ஸ்டார்ட், பந்து வெளியே வந்தது, அதைத் திருப்பி உதைக்கிற முதல் பம்பரில் மோதியது. பம்பர் டொக்கென்று இழுத்துப் பிடித்தது, பிடித்தது, பிடித்துக்கொண்டே இருந்தது. அப்புறம் கருகல் வாசம். அந்தக் கொயிலின் டயோடைத் தலைகீழாகப் பற்றவைத்தது யாரென்று கேட்காதீர்கள். டிரான்சிஸ்டரும் போச்சு, பியூஸும் போச்சு. மறுபடி கொழும்பு. பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் எங்கே போகிறீர்கள் என்று கேட்டபோது ஆஸ்பத்திரிக்கு என்று சொல்லிவிட்டேன்.

நேற்று சாயந்தரம் ஓடியது. வெளியே மூடுபனி, நோர்வூட் பஸ் வளைவில் ஹோர்ன் அடித்தது மட்டும் கேட்டது. அப்பாயியைப் பல் டொக்டர் கதிரையில் உயர்த்தி உட்கார வைத்தோம். பந்தை அது பார்க்கவேயில்லை. கண்ணை மூடிக்கொண்டு இரண்டு பட்டனையும் கொழுந்து கிள்ளுகிற வேகத்தில் கிள்ளியது. உள்ளே பத்துப் புள்ளிக்கு ஒரு மணி, நூறுக்கு ஒரு மணி, ஆயிரத்துக்கு ஒரு மணி. பந்து விழுந்ததும் கண்ணைத் திறந்து இலக்கத்தைப் பார்த்தது. முகம் மாறிப்போனது.

"ஆயிர மணி எட்டு வாட்டி அடிச்சிச்சு. இங்க ஆறுன்னு போட்டிருக்கான். இவனும் கழிக்கிறானா?"

எட்டிப் பார்த்தேன். அந்த இலக்கத்தில் வலதுபக்க மேல்கோடு ஒன்று செத்திருந்தது. எட்டு ஆறாகத்தான் தெரிந்தது.

"எட்டுன்னு எழுதுடா."

கலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் எட்டாயிரம் என்று எழுதிக் கொடுத்தேன். நாலாக மடித்து வெற்றிலை டப்பாவுக்குள் வைத்துக்கொண்டது.