கோடியக்கரையில் தலையைக் குனிந்து நடந்தது

திருத்துறைப்பூண்டியில் இருந்துகொண்டு கோடியக்கரையை ஒழுங்காகப் பார்த்ததில்லை என்று சொல்லக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. மூன்று முறை காரில் போயிருக்கிறேன். சிப்ஸ் பாக்கெட்டுக்குக் காத்திருக்கும் குரங்குகள், தூரத்தில் நாலு மான் முதுகு, கடற்கரையில் ஒரு போட்டோ, அவ்வளவுதான், மதியச் சாப்பாட்டுக்கு வீடு. இந்தத் தை மாதம் சம்பா அறுவடை முடிந்து வீட்டில் எல்லோரும் கொஞ்சம் மூச்சு விட்ட நேரத்தில், ஒன்பதாவது படிக்கும் அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு ஒரு சின்னக் குழுவோடு நடந்தே பார்த்தேன். ஏற்பாடு செய்தவர்கள் அனுப்புவதாகச் சொன்ன வேன் ஒரு மணி நேரம் தாமதம், அந்தக் கதை வேண்டாம்.

வழிகாட்டி அந்த ஊர்க்காரர், அறுபதை நெருங்கியவர், செருப்பு போடாத கால். காட்டுக்குள் நுழைந்ததும் நாங்கள் எல்லோரும் பைனாகுலரைத் தூக்கிக்கொண்டு மானைத் தேட, அவர் சிரித்துவிட்டு, "மானு எங்கயும் போயிடாது தம்பி, மொதல்ல தரையைப் பாருங்க" என்றார். பார்த்தால் ஈர மணலில் ராத்திரி நடந்ததெல்லாம் அப்படியே கிடக்கிறது. இரட்டைப் பிளவாக மான் குளம்பு, வட்டமாக, இந்தக் காட்டில் தானாகத் திரியும் குதிரைகளின் குளம்பு, காட்டுப்பன்றி கிளறிய இடம், ஓரமாக நேர்கோட்டில் போன நரி. அக்கா மகள் ஒரு நோட்டு கொண்டு வந்திருந்தாள், நின்று நின்று எழுதிக்கொண்டே வந்தாள்.

ஓர் இடத்தில் குவியலாகப் புழுக்கை. ஆண் வெளிமான் தன் எல்லைக்கு அடையாளமாக ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போடுமாம். அதை அவர் ஒரு குச்சியால் கிளறிக் காட்டினார், உள்ளே சீமைக்கருவை விதை. வெயில் காலத்தில் புல் காய்ந்துபோனால் மானும் குதிரையும் கருவை நெற்றைத் தின்கின்றன, விதை செரிக்காமல் வெளியே வந்து, மானுக்கு வேண்டிய அதே புல்வெளியில் முளைக்கிறது. 1967-இல் இதைச் சரணாலயமாக அறிவித்ததற்கு முக்கியக் காரணமே இந்த வெளிமான்தான். அது திறந்த வெளியில் ஓடிப் பிழைக்கும் பிராணி, புதருக்குள் அதற்கு வேலை இல்லை. தன் வெளியை மூடப்போகும் மரத்தைத் தானே விதைத்துக்கொண்டு போகிறது! வெட்ட வெட்ட வருகிறது என்றார் அவர். இதைக் காரிலிருந்து எப்படிப் பார்ப்பது, சொல்லுங்கள்.

காடு உயரமில்லை. உலக்கைப்பாலை, நாவல், உகாய் என்று எல்லாம் கடற்காற்றுக்கு வளைந்து குட்டையாக நிற்கின்றன. 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த மரங்கள் சில இன்னும் படுத்தபடியே கிடக்கின்றன, அதிலேயே துளிர் விட்டதும் உண்டு. கோடையில் வந்தால் பாலைப்பழம் கிடைக்கும், தின்றால் உதட்டில் பால் ஒட்டும் என்றார்.

அப்புறம் தண்ணீர். மூன்று பக்கமும் உப்பாக இருக்கிற இடத்தில் இத்தனை பிராணிகள் எதைக் குடிக்கின்றன என்று எனக்கு ரொம்ப நாளாகவே சந்தேகம். மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புத் தண்ணீருக்கு மேலே ஏடு மாதிரி மிதந்து நிற்கிறது. கொஞ்சம் தோண்டினால் நல்ல தண்ணீர், ஆசைப்பட்டு ஆழமாகத் தோண்டினால் உப்பு. நம் பக்கத்தில் போர்வெல் போட்டவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ராமர் பாதம் இருக்கும் மேடுதான் இங்கே உயரமான இடம், மற்ற ஊர்க்காரர்கள் அதை மேடு என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் அதன்மேல் ஏறி நின்றால் ஒரு பக்கம் காடு, ஒரு பக்கம் சதுப்பு, இரண்டுக்கும் நடுவில் ஓரிரு அடி உயர வித்தியாசம்தான்.

சதுப்புப் பக்கம் பூநாரைகள். எங்கள் குழுவில் ஒருவர் செங்கால் நாரை, செங்கால் நாரை என்று சொல்லிக்கொண்டே இருந்தார், அது வேறு பறவை. பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகச் சேற்றுத் தண்ணீரில் விட்டு, அரித்துத் தின்கிறது. சாம்பல் நிறத்தில் நின்றவை இன்னும் முழுதாக வளராத இளசுகள். எனக்கென்னவோ அதைவிடக் கரையோரம் ஓடிய கொசு உள்ளான் என்ற குட்டிப் பறவைதான் பிடித்தது. கைப்பிடிக்குள் அடங்கிவிடும், எடை முப்பது கிராம் பக்கம், ஆனால் முட்டையிடுவது வடதுருவத்துப் பக்கம். இங்கே பறவைகளைப் பிடித்துக் காலில் வளையம் மாட்டி விடும் வேலையைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாகச் செய்கிறது. உலக அளவில் முக்கியமான சதுப்பு நிலங்களின் ராம்சர் பட்டியலில் 2002-இல் இந்த இடம் சேர்ந்தது.

சோழர் காலத்துக் கலங்கரை விளக்கம் என்று சொல்லப்படும் செங்கல் தூண் 2004 சுனாமியில் விழுந்துவிட்டது. குழகர் கோயிலுக்கும் போனோம். கடற்காற்று அடிக்கும் இந்தக் கரையில் துணைக்கு யாரும் இல்லாமல் தனியாக இருக்கிறாயே என்று சுந்தரர் சாமியைப் பார்த்துக் கேட்டது இங்கேதான். கேட்டது நியாயம்தான் என்று வெளியே வந்ததும் தோன்றியது.

மதியம் அகத்தியம்பள்ளி. காலையில் பூநாரை நின்ற அதே உப்புச் சேறுதான் இங்கே உப்பளம். தை மாதம் என்பதால் உப்பு வாரும் வேலை இன்னும் தொடங்கவில்லை, பாத்தி மிதித்துக்கொண்டிருந்தார்கள். வெயிலில் தண்ணீர் வற்றினால் இந்தச் சதுப்பில் உப்பு தானாகவே படியும். அதை அள்ளினால் குற்றம் என்று இருந்த காலத்தில், 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி சுமார் நூறு தொண்டர்களோடு திருச்சியிலிருந்து புறப்பட்டு, எங்கள் ஊர் வழியாகத்தான் வேதாரண்யம் வந்தார். 30-ஆம் தேதி இங்கே உப்பை அள்ளிக் கைதானார். வேதரத்தினம் பிள்ளைதான் உள்ளூரில் எல்லாம் பார்த்துக்கொண்டவர். நடப்பவர்களுக்குச் சோறோ இடமோ கொடுத்தால் ஜெயில் என்று தஞ்சை கலெக்டர் தார்ன் உத்தரவு போட, சனங்கள் சோற்றுப் பொட்டலத்தைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டிவிட்டுப் போனார்களாம். அந்தச் சாலையில் எத்தனை தடவை பைக்கில் போயிருப்பேன், ஒரு மரத்தையும் அண்ணாந்து பார்த்ததில்லை.

அந்த உப்புச் சத்தியாக்கிரகத்தின் நினைவுத் தூண் நிழலில் உட்கார்ந்து வழிகாட்டி சொன்னது வைரப்பன் கதை. அதே போராட்டக் காலத்தில் வேதாரண்யத்தில் சவரத் தொழில் செய்தவர். பாதி சவரத்தில், எதிரே உட்கார்ந்திருப்பவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் கத்தியை வைத்துவிட்டார். மீதியைச் செய்ய மறுத்து ஜெயிலுக்கும் போனார். "மிச்ச பாதிய யாரு செஞ்சா தாத்தா?" என்று அக்கா மகள் கேட்டாள். அவருக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

போகிறவர்கள் ஐப்பசிக்குப் பிறகு, மாசிக்குள் போங்கள். விடியற்காலையில் ஆரம்பித்துவிடுங்கள், ஒன்பது மணிக்கு மேல் மணலில் தடம் கலைந்துவிடுகிறது. தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், குரங்குக்கு எதையும் நீட்டாதீர்கள். காரில்தான் வர வேண்டும் என்பதும் இல்லை, 2023-இலிருந்து திருத்துறைப்பூண்டியிலிருந்து அகத்தியம்பள்ளிக்கு மறுபடி ரயில் ஓடுகிறது.

ராத்திரி அவள் தூங்கிய பிறகு நோட்டைப் புரட்டினேன். மான், குதிரை என்று வரிசையாக எழுதி எதிரே எண்ணிக்கை போட்டிருந்தாள். கடைசி மூன்று வரி இப்படி:

பூநாரை: எண்ண முடியவில்லை.
நரி: கால் மட்டும்.
வைரப்பன் தாத்தா: பாதி.