ஒரு வருடம் எட்டு மாதம்

ஐடி இன்டர்வியூவுக்கு ஃபேக் போட்டு, அதாவது ரெஸ்யூமில் இல்லாத அனுபவத்தை எழுதி வருகிறவர்களைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. இன்டர்வியூ பேனலில் உட்கார்ந்து பழகிய யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நிஜமாக வேலை பார்த்தவர்கள் புலம்புவார்கள். "ப்ரொடக்‌ஷன்ல கடைசியா என்ன உடைஞ்சது?" என்று, ஓடிக்கொண்டிருக்கும் சாஃப்ட்வேரில் வந்த சிக்கலைக் கேட்டால் போதும், "அத ஏன் சார் கேக்குறீங்க, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரிலீஸ் வச்சாங்க..." என்று ஆரம்பித்துவிடுவார்கள். ஃபேக் ஆட்களிடம் அந்தப் புலம்பல் இருக்காது. எல்லாமே ஒழுங்காக நடந்த ஏதோ ஒரு ப்ராஜெக்ட்டிலிருந்து வந்திருப்பார்கள்.

அந்தப் பையனும் அப்படித்தான் வந்தான். 2025 பிப்ரவரி, சனிக்கிழமை வாக்-இன், ஜாவா, ஒன்றிலிருந்து மூன்று வருட அனுபவம். ரெஸ்யூமில் ஒரு வருடம் எட்டு மாதம் என்று இருந்தது. ஜாவாவில் டேட்டாவை அடுக்கிவைக்கும் ஹேஷ்மேப் உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று கேட்டேன். ஜாவா 8லிருந்து ஒரு பக்கெட்டில் எட்டைத் தாண்டினால் லிங்க்டு லிஸ்ட் ரெட்-பிளாக் ட்ரீயாக மாறும், அதுவும் டேபிள் அளவு 64 ஆவது இருந்தால்தான், இல்லையென்றால் டேபிளைத்தான் பெரிதாக்கும் என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னான். என் டீமில் பத்து வருடம் முடித்தவர்கள் பாதிப் பேருக்கு அந்த 64 தெரியாது.

அப்புறம் என் வழக்கமான கேள்விகள். நீங்க லீவு போட்டா உங்க வேலைய யார் பாத்தாங்க? டெஸ்டிங் டீமோட சண்டை வந்திருக்கா? "இல்ல சார், நல்ல டீம் சார்." கம்பெனியில் எத்தனை பேர் என்றேன். பதினைந்து என்றான். இருபது பேருக்குக் குறைவான இடத்தில் பிஎஃப் கட்டாயமில்லை. பிஎஃப் இல்லாவிட்டால், வேலை பார்த்த கம்பெனிகளைக் காட்டிக்கொடுக்கும் பிஎஃப் எண்ணான யுஏஎன்னில் தடயம் இருக்காது. இதனாலேயோ என்னவோ, எல்லா ஃபேக் கம்பெனிகளிலும் பதினைந்து, பதினெட்டு பேர்தான் வேலை பார்க்கிறார்கள்.

"தம்பி, இந்த கம்பெனி எங்க இருக்கு?"

"உங்களுக்கே தெரியுமே சார்" என்றான். குரலில் பயம் இல்லை, அலுப்புதான் இருந்தது. "2023 பாஸ் அவுட் சார். ஃப்ரெஷர்னு போட்டு ஒரு வருஷத்துக்கு மேல ஒரு கால்கூட வரல. இப்படி மாத்தின வாரமே வந்துச்சு. உண்மையப் போட்டிருந்தா இந்த ரூமுக்குள்ள வந்திருப்பேனா?" நான் பதில் சொல்லாததால் அவனே தொடர்ந்தான். "ஒண்ணு கேக்கலாமா சார்? நீங்க வேலைல சேரும்போது உங்களுக்கு என்ன தெரியும்?"

"எச்ஆர் கூப்பிடுவாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அவன் சொன்ன கணக்கில் பொய் இல்லை. 2023-24 நிதியாண்டில் டிசிஎஸ், இன்ஃபோசிஸ், விப்ரோ மூன்றுமே ஆள் கணக்கில் இறங்கித்தான் வருடத்தை முடித்தன. மூன்றையும் சேர்த்தால் அறுபதாயிரத்துக்கு மேல் குறைந்தது. முன்பெல்லாம் காலேஜ் காலேஜாக பஸ் அனுப்பி ஆள் எடுத்த தொழில், அந்த வருடம் வெளியே வந்த பிள்ளைகளை ஏறிட்டுப் பார்க்கவில்லை. ஆனால் வருடம் சரியில்லை என்பதற்காக இல்லாத கம்பெனியில் வேலை பார்த்ததாக எழுதலாமா? என் நண்பர் ஒருவரின் மகளும் அதே வருடத்து பேட்ச். ஃபேக் போட மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்து, இன்று ஒரு பிபிஓவில் நைட் ஷிஃப்ட் பார்க்கிறாள். அந்தப் பையனை எடுத்தால் அவளுக்கு நான் என்ன பதில் சொல்வது? இப்படிக் கேட்டுக்கொண்டதும் மனசு கொஞ்சம் சமாதானமானது. ஆனால் அவனை எடுக்காமல் விட்டதாலும் அவளுக்கு அந்த சீட் கிடைத்துவிடவில்லை. அவள் ரெஸ்யூம் எங்கள் ஃபில்டரையே தாண்டியிருக்காது.

நான் சேர்ந்தது 2007இல். மெக்கானிக்கல். கேம்பஸில் ஆப்டிட்யூட், ஒரு குரூப் டிஸ்கஷன், எச்ஆர் ரவுண்டு, அவ்வளவுதான். கம்ப்யூட்டரைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. சம்பளம் கொடுத்து மாதக்கணக்கில் உட்காரவைத்து கோபால் (COBOL), ஜேசிஎல் என்ற கம்ப்யூட்டர் மொழிகளைச் சொல்லிக்கொடுத்தார்கள். பிறகு பெஞ்ச், அதாவது ப்ராஜெக்ட் கிடைக்கும்வரை காத்திருப்பு. பெஞ்சில் இருந்தபோது ஒருநாள் டீம் லீட் கூப்பிட்டு என் ப்ரொஃபைலைக் காட்டினார். கம்பெனி ஃபார்மட், மேலே லோகோ, கீழே என் பெயர், பக்கத்தில் ஒன்றரை வருட அனுபவம். நான் பார்க்காத ஒரு இன்ஷூரன்ஸ் ப்ராஜெக்ட்டில் நான் பேட்ச் ஜாப் எழுதியிருந்தேன். "கிளையண்ட் கேட்டா ஒன்றரைன்னு சொல்லு, மத்தத நான் பாத்துக்குறேன்" என்றார்.

கிளையண்ட் பக்கத்து அமெரிக்கர் போன் காலில் கேட்டது ஒரே கேள்வி. சாக் செவன் (S0C7) எரர் வந்தால் எதைப் பார்ப்பாய்? நம்பர் இருக்க வேண்டிய ஃபீல்டில் நம்பர் இல்லாத டேட்டா வந்திருக்கும், எந்த ஃபீல்டு என்று, ப்ரோக்ராம் உடைந்து நின்றதும் வரும் டம்ப்பில் பார்ப்பேன் என்றேன். ட்ரெயினிங் நோட்டில் இருந்த வரி. அதுவரை ஒரு டம்ப்பைக்கூடப் பிரித்துப் பார்த்ததில்லை. அவர் புலம்பல் கேள்வி எதுவும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் நானும் "குட் டீம்" என்றுதான் சொல்லியிருப்பேன்.

இரண்டும் ஒன்றில்லை என்று எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பின்னால் லீட் இருந்தார், நான் சொதப்பினால் ராத்திரி உட்கார்ந்து அவர் சரிசெய்தார். அந்தப் பையனை எடுத்தால் அவன் பொய்யின் சுமை முழுக்க அவன் லீட் தலையில் விழும், அவருக்கு அது தெரியவும் தெரியாது. நியாயமான வித்தியாசம்தான். ஆனால் இதை யோசிக்கும் போதெல்லாம் அந்த 64 வந்து நிற்கிறது. ஒன்றரை வருடம் என்று நான் சொன்னபோது எனக்குத் தெரிந்ததைவிட ஒரு வருடம் எட்டு மாதம் என்று சொன்ன அவனுக்குத் தெரிந்தது அதிகம். எனக்கு அந்தப் பொய்யை டைப் அடித்துக் கொடுக்க ஒரு கம்பெனி இருந்தது. அவன் அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது.

ஃபீட்பேக் ஃபார்மில் கடைசியில் ஒரு கட்டம் உண்டு: தவறான தகவல் என்று சந்தேகம். அதில் டிக் அடித்தால் எங்கள் கம்பெனியில் இனி அந்தப் பெயர் ஏறாது. நான் அடிக்கவில்லை. செலக்ட்டும் போடவில்லை. "கான்செப்ட் பலமாக இருக்கிறது, ப்ராஜெக்ட் அனுபவம் போதவில்லை" என்று எழுதி ஹோல்டில் போட்டேன். ஹோல்டில் போட்ட யாரையும் நாங்கள் திரும்பக் கூப்பிட்டதில்லை. திங்கட்கிழமை எச்ஆர் நேராகவே கேட்டார்: "ஃபேக்கா சார்?" "டவுட்டா இருக்கு, உறுதியா சொல்ல முடியல" என்றேன். உறுதியாகத் தெரிந்துதான் அப்படிச் சொன்னேன். அது இரக்கமா, என் பழைய ப்ரொஃபைல் ஞாபகத்தில் வந்த கூச்சமா என்று இன்னும் பிரித்துப் பார்க்க முடியவில்லை. இரண்டில் எதுவாக இருந்தாலும் அவனுக்கு வேலை கிடைக்கவில்லை.

அடுத்த வாரம் டெலிவரி மேனேஜரிடம், ஒரு பொசிஷனையாவது ஃப்ரெஷருக்குத் திறக்கலாமா என்று கேட்டேன். "பில்லிங் வராதுங்க, ஃப்ரெஷருக்கு கிளையண்ட் காசு குடுக்க மாட்டாங்க. ஒரு வருஷம் ரெண்டு வருஷம்னு காட்டி ஓட்டலாம்தான், ஆனா அதுக்கு நம்ம ட்ரெயினிங்ல வந்த பையனா இருக்கணும்ல" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார்.

ஃபேக்கைப் பிடிக்கும் என் கேள்விகளை மற்ற பேனல்காரர்களும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். கொடுத்தேன். போன மாதம் ஒருவர் வந்தார், இரண்டு வருடம். ப்ரொடக்‌ஷன்ல என்ன உடைஞ்சது என்று கேட்டதும் பெருமூச்சு விட்டு, வெள்ளிக்கிழமை ரிலீஸ், ஊருக்குப் போய்விட்ட டிபிஏ (டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்பவர்), ராத்திரி இரண்டு மணிக்கு வந்த கால் என்று ஆரம்பித்தார். எனக்கே அந்த டிபிஏ மேல் கோபம் வந்துவிட்டது. செலக்ட் போட்டேன். அவர் சொன்ன கம்பெனியில் மொத்தம் பதினாறு பேராம். பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் ரிப்போர்ட் இன்னும் வரவில்லை.